நாய், பூனை உள்ள வீட்டுக்கு என்ன தரை போடலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் தரை வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது "நாய் நகம் பட்டால் கீறல் விழுமா?" என்பதுதான். அதை மூன்றாவதாகக் கேளுங்கள். தரை வழுக்குமா என்பது முதல் கேள்வி, மூத்திரம் எங்கேயாவது உள்ளே இறங்குமா என்பது இரண்டாவது. கீறல் கண்ணுக்குத்தான் உறுத்தும், மற்ற இரண்டும் பிராணியின் உடம்பையும் வீட்டின் வாடையையும் கெடுத்துவிடும்.

படி 1: வழுக்கலைப் பாருங்கள்

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். கண்ணாடி மாதிரி பளபளக்கும் டைல்ஸில் அவற்றின் பின்னங்கால் விரிந்துகொண்டே போகும், வயதான நாய் எழுந்திருக்கவே பயப்படும். டைல்ஸ் பெட்டியில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஒரு குறி இருக்கும், எண் கூடக் கூட வழுக்கல் குறையும். வீட்டுக்குள் ஆர் 10 போதும், அதற்கு மேல் போனால் கூட்டித் துடைப்பது சிரமம். குறி இல்லையா? மாதிரி ஓட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வெறுங்காலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு பாலிஷ் போட்டுத் தேய்க்கும் பழைய வராந்தாவும் இதே ஆபத்துதான், அங்கே பாலிஷைக் குறைத்துவிட்டு அடியில் ரப்பர் உள்ள மிதியடி போடுங்கள்.

படி 2: அடித்தளத்தில் ஈரம் இருக்கிறதா?

டர்பன் கடற்காற்றில் இதைத் தவிர்க்கவே கூடாது. அரை மீட்டர் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட் மேல் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, மறுநாள் அதே நேரம் வரை விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது. அதைச் சரிசெய்யாமல் மரமோ லேமினேட்டோ (அழுத்திய மரத்தூள் பலகை) போட்டால் பணம் வீண்.

இன்னொன்று, பழைய வினைல் (பிளாஸ்டிக்) ஓடுகளையும் அவற்றின் கறுப்புப் பசையையும் நீங்களே சுரண்டி எடுக்காதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் அதற்குத் தடை வந்ததே 2008-ல்தான்.

படி 3: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

என் முதல் தேர்வு போர்சலின் டைல்ஸ். அது தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இழுக்காது, டிசம்பர், ஜனவரி கோடைப் புழுக்கத்தில் நாய்க்குப் படுக்கக் குளுகுளுவென்றும் இருக்கும். சிக்கல் ஓட்டில் இல்லை, இடுக்கில்தான். இடுக்கை அடைக்கும் சாதாரண சிமெண்ட் கலவை, அதாவது கிரவுட், மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா வாடை வரும், அந்த வாடையை மோப்பம் பிடித்து நாய் மறுபடியும் அதே இடத்துக்கு வரும். அதனால் 60 x 60 சென்டிமீட்டர் போன்ற பெரிய ஓடாக வாங்கி இடுக்குகளைக் குறையுங்கள், முடிந்தால் சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸி என்ற பிசினில் செய்த கிரவுட் போடச் சொல்லுங்கள். விளக்கு எண்ணெயும் அதில் ஊறாது என்பதால் பூஜை அறைக்கும் நல்லது. ஆனால் அது சீக்கிரம் இறுகிவிடும், பழக்கமில்லாத கை போட்டால் ஓடு முழுக்கப் பிசுபிசுப்பு ஒட்டிக்கொள்ளும், ஏற்கெனவே போட்டுப் பழகிய ஆளையே கூப்பிடுங்கள்.

லேமினேட் வேண்டாம் என்பேன். மரத்தூளை அழுத்திச் செய்த நடுப்பகுதி இணைப்பு வழியாக நனைந்தால் தேநீரில் விழுந்த பிஸ்கட் மாதிரி உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. கடையில் காட்டும் ஏ.சி. 4, ஏ.சி. 5 எல்லாம் தேய்மானத்துக்கான குறி, தண்ணீருக்கானது இல்லை.

பலகை மாதிரித் தோற்றம்தான் வேண்டும் என்றால் எஸ்.பி.சி. வினைல் எடுங்கள். சுண்ணாம்புக்கல் பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்தது, உப்பாது. மேலே உள்ள தேய்மானப் படலம் 0.5 மில்லிமீட்டர் இருக்கட்டும், 0.3 பெரிய நாய்க்குப் போதாது. இதிலும் மூத்திரத்தை உடனே துடைக்காவிட்டால் இணைப்பு வழியாகக் கீழே இறங்கும்.

பழைய வீட்டில் சிறு மரக்கட்டைகளை அடுக்கிப் பதித்த பார்க்கே மரத்தரை நன்றாக இருந்தால் தயவுசெய்து பிடுங்காதீர்கள். இழைத்துவிட்டு மங்கலான பாலியூரித்தேன் பூச்சு அடித்தால் பல வருடம் உழைக்கும், மங்கல் பூச்சில் நகக் கீறலும் அவ்வளவாகத் தெரியாது. கம்பளம் வேண்டவே வேண்டாம், தெள்ளுப்பூச்சி அதில்தான் பெருகும்.

படி 4: மாதிரியை வீட்டில் சோதியுங்கள்

ஒரு துண்டு வாங்கி வந்து, நாணயத்தால் கீறிப் பாருங்கள். ஈரத்துணியை ஒரு நாள் மேலே போட்டு வைத்து ஓரம் தூக்குகிறதா என்றும் பாருங்கள். உங்கள் நாயின் முடி நிறத்துக்கு நெருக்கமான தரை என்றால் உதிரும் முடி கண்ணில் படாது.

படி 5: அளவெடுத்து வாங்குங்கள்

4 மீட்டருக்கு 5 மீட்டர் அறை என்றால் 20 சதுர மீட்டர். வெட்டில் வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்து 22 வாங்குங்கள், எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் நிறம் மாறும்.

படி 6: எதால் துடைப்பது?

அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம், பிராணிக்கு அது மூத்திர வாடை போலவே இருக்கும். மூத்திரக் கறைக்கு என்சைம் திரவம் வாங்கிக்கொள்ளுங்கள். பூனை இருந்தால் ஃபீனால் கலந்த கிருமிநாசினியை, தண்ணீரில் விட்டதும் பால் மாதிரி வெளுக்கிறதே அந்த வகையையும் சேர்த்து, வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. பூனை தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும், அதன் கல்லீரலால் ஃபீனாலைச் சரியாக முறிக்க முடியாது, எனவே வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.