'எக்ஸ்க்விசிட்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிழையின்றிக் கையாளும் முறை

ஓசூரில் ரோஜா ஏற்றுமதி செய்யும் ஒரு பண்ணையின் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவது என் வேலை. 'குட்', 'எக்ஸலண்ட்' என்ற இரண்டையுமே ஒவ்வொரு கடிதத்திலும் எழுதிச் சலித்துப்போய், இன்னும் உயர்ந்த பாராட்டுச் சொல்லைத் தேடியபோது கிடைத்ததுதான் 'எக்ஸ்க்விசிட்' (exquisite). அகராதியில் 'மிகச் சிறந்த' என்று ஒரே வரியில் பொருள் போட்டிருந்ததை நம்பி நெடுநாள் தவறாக எழுதிவந்தேன். சரியான வழக்கைக் கற்றுக்கொண்ட வரிசையிலேயே இங்கு விளக்குகிறேன்.

முதலில் உச்சரிப்பு. கடைசியில் உள்ள 'ஈ' என்னும் எழுத்துக்கு ஒலி கிடையாது. 'சைட்' (site) என்னும் சொல்லில் செய்வதுபோல முன்னுள்ள 'ஐ' எழுத்தின் ஒலியை அது இங்கே மாற்றுவதும் இல்லை; ஆகவே 'எக்ஸ்க்விசைட்' என்று சொல்வது தவறு. நடுவில் வரும் 'எஸ்' எழுத்தை, 'ரோஸ்' என்னும் சொல்லின் முடிவில் ஆங்கிலேயர் எழுப்பும் அதிர்வுள்ள ஒலியாகச் சொல்ல வேண்டும். முதல் அசையை அழுத்துவது பழைய வழக்கம்; இரண்டாம் அசையை அழுத்துவது இன்று பரவலாக உள்ளது. இரண்டும் ஏற்கத்தக்கவையே.

அடுத்து வேர். 'தேடுதல்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து 'கொஸ்டின்', 'இன்குவைரி', 'ரெக்வெஸ்ட்' ஆகியவை பிறந்ததைப் போலவே இச்சொல்லும் பிறந்தது. தேடித் தேடிப் பொறுக்கி எடுத்தது என்பதே இதன் அடிப்படைப் பொருள். எனவே பெரியது, பலமானது, பயனுள்ளது என்பதற்காக ஒன்றை இச்சொல்லால் பாராட்ட முடியாது; அருகில் சென்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும் நுட்பம் அதில் இருக்க வேண்டும். பாறைகளுக்கிடையே இரைச்சலோடு விழும் ஒகேனக்கல் அருவிக்கு 'மெஜஸ்டிக்' என்பதே பொருந்தும். தருமபுரிக் கோட்டைக் காமாட்சி அம்மன் கோயிலின் அடித்தளத்தில் ராமாயணக் காட்சிகளைச் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்களே, குனிந்து பார்த்தால் மட்டுமே கண்ணில் படும் அந்த வேலைப்பாடுதான் 'எக்ஸ்க்விசிட்'. கிருஷ்ணகிரி மாம்பழத்திலும் இதே வேறுபாடு உண்டு: கூழ் ஆலைக்கு லாரி லாரியாகப் போகும் பெங்களூரா ரகத்தை 'எக்ஸலண்ட்' என்று எழுதலாம், நன்கு பழுத்த அல்போன்சாவின் மணத்தையும் சுவையையும் தயங்காமல் 'எக்ஸ்க்விசிட்' என்று எழுதலாம்.

நான் இடறி விழுந்தது இதற்கடுத்த படியில் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை வயிற்றுவலி காரணமாகத் தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மருத்துவர் எழுதிய குறிப்பில் 'எக்ஸ்க்விசிட் டெண்டர்னஸ்' என்று இருந்தது. 'டெண்டர்' என்றால் மென்மை, 'எக்ஸ்க்விசிட்' என்றால் மிகச் சிறந்தது, ஆகவே வயிறு நன்றாக இளகியிருக்கிறது என்று நானாகவே பொருள் செய்துகொண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். குளுக்கோஸ் பாட்டிலை மாற்ற வந்த செவிலியரிடமும் அதையே சொன்னபோது, அவர் குறிப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "இல்லைங்க அண்ணா, தொட்டாலே உயிர் போற மாதிரி வலிக்குதுன்னு எழுதியிருக்காங்க. குடல்வால் வீக்கமா இருக்கும்னு ஸ்கேனுக்குச் சொல்லியிருக்காங்க" என்றார். அன்று மாலையே அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நலமாக வீடு திரும்பினார்.

அன்றுதான் இச்சொல்லின் இன்னொரு முகம் எனக்குத் தெரிந்தது. நுட்பமான அழகைக் குறிப்பது போலவே, ஊசிமுனை போன்ற கூர்மையான உணர்வையும் இது குறிக்கும். அந்த உணர்வு இன்பமாகவும் இருக்கலாம், வலியாகவும் இருக்கலாம். பின்னால் 'பெய்ன்', 'ஏகனி', 'டெண்டர்னஸ்' போன்ற சொற்கள் வந்தால் அது பாராட்டன்று, வேதனையின் கடுமை. ஆகவே இச்சொல்லைப் படிக்கும்போதெல்லாம் அடுத்து நிற்கும் பெயர்ச்சொல்லையும் சேர்த்தே படியுங்கள்.

இனி எழுதும் முறை. உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் 'ஏ' அல்ல, 'ஆன்' வரும். உச்சநிலையைக் குறிக்கும் சொல் என்பதால் 'வெரி' சேர்ப்பது பொருந்தாது. அழுத்தம் வேண்டுமென்றால் 'ட்ரூலி' அல்லது 'அப்சல்யூட்லி' போடலாம். 'டீடெய்ல்', 'டேஸ்ட்', 'கிராஃப்ட்ஸ்மன்ஷிப்', 'ஃபிளேவர்' ஆகியவை இதனோடு இயல்பாகச் சேரும் துணைகள். ஒரு கடிதத்தில் ஒரு முறைக்கு மேல் இச்சொல்லை நான் எழுதுவதில்லை.

அகராதியைப் பொறுத்தவரை, ஆங்கிலம்–தமிழ் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இத்தகைய சொற்களைக் கற்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. உச்சரிப்பைக் கேட்பதற்குக் கேம்பிரிட்ஜ் இணைய அகராதியையும், எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதை அறிய ஆக்ஸ்ஃபோர்டு சொற்சேர்க்கை அகராதியையும் பரிந்துரைக்கிறேன்.

இக்கட்டுரையின் முதல் வடிவைப் படித்த கல்லூரி மாணவி ஒருவர், "மனிதர்களை இச்சொல்லால் பாராட்டலாமா?" என்று கேட்டிருந்தார். ஒருவருடைய ரசனையையோ நாகரிகமான பழக்கவழக்கத்தையோ தோற்றத்தின் நளினத்தையோ பாராட்டலாம். அவருடைய உழைப்பைப் பாராட்ட இது உதவாது. எங்கள் பண்ணையில் விடியற்காலையில் மொட்டுகளைத் தரம் பிரிக்கும் அக்காவைப் பற்றி எழுதும்போது 'அவுட்ஸ்டாண்டிங்' என்று எழுதுகிறேன்; அவர் பொறுக்கித் தனியே எடுத்து வைக்கும் அந்த மொட்டுகளை 'எக்ஸ்க்விசிட்' என்று எழுதுகிறேன்.