வீட்டுக்காரர் கார்டு பாக்கியை உங்கள் கார்டுக்கு மாற்றுவது எப்படி?

கேரள எல்லையிலுள்ள குமுளியில் மசாலாக் கடை நடத்தும் கணவர், கீழே தேனி மாவட்டக் கம்பத்தில் மாதச் சம்பளத்தில் மனைவி. மலைக்கு மேலும் கீழுமாகப் பிழைக்கும் இப்படிப்பட்ட குடும்பங்கள் எல்லையோரத்தில் நிறைய. சுற்றுலா சீசன் படுத்தால் கடைச் செலவெல்லாம் அவர் கிரெடிட் கார்டில் ஏறும். மாதாமாதம் மினிமம் டியூ, அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை மட்டும் போகும். அந்தப் பாக்கியை வட்டி குறைவாக உங்கள் கார்டுக்குக் கொண்டுவர முடியும். ஆனால் வரிசை தப்பினால் இரண்டு கார்டிலும் கடன் நிற்கும்.

கைவைக்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் தவிர, கணவரின் கார்டு கடனுக்கு மனைவி பொறுப்பல்ல. மாற்றிவிட்டால் அது முழுக்க உங்கள் கடன். அவர் பணம் தராவிட்டாலும் வங்கி உங்களிடம்தான் கேட்கும், அடிபடுவதும் உங்கள் சிபில் ஸ்கோர்தான் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்பதற்கான மதிப்பெண்). அதனால் மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் தருவார் என்று முதலிலேயே பேசி, அவர் வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குத் தானாக வரும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போடச் சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது. கணவன் மனைவிக்குள் கொடுத்து வாங்கும் இந்தப் பணத்துக்கு வருமான வரி கிடையாது.

அவர் வைத்திருப்பது உங்கள் கார்டின் ஆட்-ஆன் கார்டு (உங்கள் கணக்கிலேயே அவருக்குத் தந்த கூடுதல் கார்டு) என்றால் மாற்ற எதுவுமில்லை; அந்தப் பாக்கி ஏற்கெனவே உங்களுடையதுதான்.

முதல் படி: உண்மையான பாக்கி எவ்வளவு?

ஸ்டேட்மென்ட்டில் உள்ள தொகையை நம்பாதீர்கள். அது பில் தேதி நிலவரம். கார்டு ஆப்பில் இன்றைய நிலுவை, இன்னும் பில்லாகாத செலவு, ஓடிக்கொண்டிருக்கும் இஎம்ஐயின் மீதி அசல் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். இஎம்ஐயை முன்கூட்டி முடித்தால் கட்டணம் பிடிப்பார்கள். அதன் வட்டி ஏற்கெனவே குறைவாக இருந்தால் அதை அப்படியே ஓடவிட்டு மீதியை மட்டும் மாற்றுங்கள்.

இரண்டாம் படி: கணக்குப் போடுங்கள்

பாக்கி 80,000 ரூபாய், வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வையுங்கள். ஒரு மாத வட்டி 2,800, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 504. ஆக 3,304 ரூபாய், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். இதே 80,000-ஐ ஆண்டுக்கு 16 சதவீதத்தில் 12 மாத இஎம்ஐயாக மாற்றினால் தவணை சுமார் 7,258. மொத்த வட்டி சுமார் 7,100, அதற்கு ஜிஎஸ்டி 1,280, ப்ராசசிங் ஃபீ 1 சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு 944. கூடுதல் செலவு 9,300 சொச்சம். மாதம் ஏறக்குறைய அதே தொகையைப் பழைய கார்டிலேயே கட்டி வந்தால் முடிய 15 மாதம் ஆகும், வட்டியும் ஜிஎஸ்டியுமாக 28,000 அளவுக்குப் போகும். உங்கள் வங்கி சொல்லும் வட்டியை வைத்து இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடனையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். பெரும்பாலும் கார்டு வழியைவிட வட்டி குறைவு. கையில் காசு வரும்போது கட்டும் வசதி, சீசன் வருமானக்காரர்களுக்கு இஎம்ஐயைவிடத் தோதாக இருக்கும்.

மூன்றாம் படி: எந்த வழி?

நேர்வழி பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர். உங்கள் கார்டு வங்கி அவருடைய கார்டுக்குப் பணம் கட்டும். வேறு வங்கி கார்டாக இருக்க வேண்டும். பல வங்கிகள் இரண்டு கார்டும் ஒரே பெயரில் இருந்தால்தான் ஒத்துக்கொள்ளும். கஸ்டமர் கேரில் ‘கணவர் பெயரில் உள்ள கார்டின் பாக்கியை என் கார்டுக்கு மாற்றலாமா’ என்று நேராகக் கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். பெயரை மறைத்து விண்ணப்பிக்க வேண்டாம். பாதியில் நிராகரித்தால் அதற்குள் டியூ தேதி போய்விடும்.

பெயர் இடித்தால் இரண்டாவது வழி: உங்கள் கார்டின் மேல் தரும் லோன். பணம் உங்கள் சேமிப்புக் கணக்கில் வரும், நீங்கள் அவர் பில்லைக் கட்டுகிறீர்கள். நம் ஊரில் கணவன் மனைவிக்குப் பெரும்பாலும் இதுதான் கைகொடுக்கும்.

இரண்டிலும் கேட்க வேண்டியவை: வட்டி மாதக் கணக்கா ஆண்டுக் கணக்கா, ப்ராசசிங் ஃபீ, முன்கூட்டி முடித்தால் கட்டணம், சலுகைக் காலம் முடிந்ததும் என்ன வட்டி. ‘60 நாள் வட்டியில்லை’ என்ற சலுகையில் 61-ஆம் நாள் மீதிக்கு வழக்கமான கார்டு வட்டி ஓடும். லிமிட்டையும் பாருங்கள். 1 லட்சம் லிமிட்டில் 80,000 ஏறினால் ஸ்கோர் இறங்கும். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் பயன்படுத்துவதே ஸ்கோருக்கு நல்லது. வீட்டுக்கடனோ வண்டிக்கடனோ விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் அதை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

கார்டைத் தேய்த்து ஏடிஎம்மில் பணம் எடுத்துக் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்தே முழு வட்டியும் உண்டு.

நான்காம் படி: கட்டுவது

யுபிஐ ஆப்பில் கிரெடிட் கார்டு பில் பகுதிக்குப் போய் வங்கியைத் தேர்ந்தெடுத்து, அவருடைய பதிவு செய்த மொபைல் எண்ணும் கார்டின் கடைசி 4 இலக்கமும் கொடுங்கள். திரையில் வருவது பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் தொகை. வேறு தொகை என்பதைத் தொட்டு, முதல் படியில் எழுதிய தொகையை நீங்களே அடியுங்கள். பணம் ஏற ஓரிரு வேலை நாள் ஆகலாம். பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்றால் இன்னும் தாமதமாகலாம்; அதுவரை மினிமம் டியூவைத் தவறாமல் கட்டுங்கள்.

ஐந்தாம் படி: வால் வட்டி

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். 5-ஆம் தேதி பில், 20-ஆம் தேதி முழுசாகக் கட்டினீர்கள். நடுவே 15 நாள் வட்டி அடுத்த பில்லில் வரும்: 80,000-க்குச் சுமார் 1,400, ஜிஎஸ்டியோடு 1,652. ‘முடித்துவிட்டோமே’ என்று பில்லைத் திறக்காமல் விட்டால் தாமதக் கட்டணம், அப்புறம் சிபிலில் கரும்புள்ளி. இந்தத் தொகையை ஒதுக்கி வைத்து அடுத்த பில்லையும் கட்டுங்கள்.

ஆறாம் படி: பழைய கார்டு

ஆட்டோ டெபிட்டுகளை நிறுத்துங்கள். பாக்கி பூஜ்யம் ஆனபின் அவர் கார்டை மூடச் சொல்லி மெயில் அனுப்பட்டும். ரிசர்வ் வங்கி (ஆர்பிஐ) விதிப்படி 7 வேலை நாளில் மூட வேண்டும்; தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும். பாக்கி எதுவுமில்லை என்ற நோ டியூ சர்ட்டிபிகேட் கேட்டு வாங்கி வையுங்கள். அவருடைய ஒரே பழைய கார்டு அதுதான், கடன் வரலாறு வேண்டும் என்றால் லிமிட்டை 20,000-க்குக் குறைத்து வைக்கலாம். முழு லிமிட்டோடு சும்மா வைத்திருப்பது ஆபத்து. அடுத்த சீசன் படுத்தால் அதுவும் நிரம்பும்.

ஏழாம் படி: உங்கள் கார்டு

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் உள்ள கார்டில் புதுச் செலவு வைக்காதீர்கள். பாக்கி இருக்கும்போது கூடலூர் பங்கில் போடும் பெட்ரோலுக்குக்கூட முதல் நாளிலிருந்தே வட்டி விழலாம். பில் தேதியை மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. சம்பளம் வந்த பிறகு டியூ தேதி விழும்படி கேட்டு வாங்குங்கள். ஓண போனஸோ தீபாவளி போனஸோ வந்தால், முன்கூட்டி முடிக்கும் கட்டணத்தை மிச்சமாகும் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கட்டுங்கள்.

ஒன்றரை மாதம் கழித்து இருவர் பெயரிலும் சிபில் ரிப்போர்ட் எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். அவருடையதில் பாக்கி பூஜ்யம் என்றும், கார்டை மூடியிருந்தால் ‘குளோஸ்டு’ என்றும் இருக்க வேண்டும். ‘செட்டில்டு’ (முழுசாகக் கட்டாமல் குறைத்து முடித்தது) என்று இருந்தால் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் வங்கி மீதான புகாரை விசாரிக்கும் ஆர்பிஐ ஓம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனில் புகார் தரலாம், கட்டணம் கிடையாது. உதவி எண் 14448.