மலைப்பாதையில் மின்சாரக் கார்: குன்னூரிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

குன்னூர்ச் சாலைகளில் மின்சார வண்டிகளின் பச்சை நம்பர் பிளேட் இப்போது அபூர்வக் காட்சி அல்ல. என் வீட்டு வாசலில் அப்படி ஒரு கார் நிற்கத் தொடங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் முதல் நாளே கேட்டார்: "தம்பி, மேட்டுப்பாளையத்திலிருந்து இது ஏறி வந்துவிடுமா?"

ஏறிவிடும். அந்தக் கவலை ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். பழகிக்கொள்ள வேண்டியது இறக்கம். எனக்கு அதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. புதிதாகக் கார் எடுக்கும் உங்களுக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

படி 1: கார் வருவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்

காருடன் தரும் சார்ஜரை வீட்டில் உள்ள 15 ஆம்பியர் மூன்று முள் சாக்கெட்டிலேயே செருகலாம். மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் இழுக்கும். கீசரும் நிறைய இழுக்கிற பொருள்தான். ஆனால் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். கார் இரவு முழுக்க, எட்டு மணி, பத்து மணி நேரம் ஓயாமல் இழுக்கும். பழைய வயர் அந்தச் சூட்டைத் தாங்காது. மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், மின்சாரம் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றையும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்குங்கள்.

மலையில் எர்த் தனிப் பிரச்சினை. எங்கள் வீட்டில் இரண்டடி தோண்டியதும் பாறை வந்துவிட்டது. முதல் இரவு சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. கார் ஒரு யூனிட்கூட ஏற்றிக்கொள்ளவில்லை. மறுநாள் எலக்ட்ரீஷியன் சரிவின் கீழ்ப்பக்கம், சமையலறைத் தண்ணீர் ஓடி எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில் குழி எடுத்து, கரியும் உப்பும் அடுக்கடுக்காகக் கொட்டித் தண்டை இறக்கினார். அன்று மாலை பச்சை விளக்கு வந்தது. எர்த் இல்லாமலே ஏற்றுவதற்குக் குறுக்குவழி இருப்பதாக யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மழையில் நனைந்த கார் கதவைத் தொடப்போவது உங்கள் பிள்ளைதான்.

முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் உடனே நிறுத்திவிட்டு, சாக்கெட்டை மாற்றுங்கள்.

படி 2: கிலோமீட்டரோடு உயரத்தையும் கணக்கிடுங்கள்

மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு உதகையில் 2,203 மீட்டரை எட்டுகிறது. உங்கள் காரும் அதே உயரத்தைத்தான் ஏறியாக வேண்டும். குன்னூர் வரை மட்டும் என்றால் ஏற்றம் சுமார் 1,400 மீட்டர்.

ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க 6 யூனிட் மின்சாரம் வேண்டும். சக்கர உராய்வு, காற்று, மோட்டாரில் வெப்பமாகப் போகும் இழப்பு எல்லாம் சேர்ந்து பத்து யூனிட் அளவுக்கு வந்துவிடும். முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இந்தத் தூரத்தைச் சமவெளியில் நான்கு யூனிட்டில் ஓட்டிவிடலாம். என் காரின் பேட்டரி 30 யூனிட் கொள்ளளவு. ஆகவே குன்னூர் ஏற்றம் மட்டும் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. திரையில் "இன்னும் 150 கிலோமீட்டர் ஓடும்" என்று காட்டுவது நீங்கள் கடைசியாக ஓட்டிய சமவெளிச் சாலையை வைத்து. மலையேற்றம் தொடங்கும் கல்லாரைத் தாண்டியதும் அந்த எண் மளமளவென்று இறங்கும். பதற வேண்டாம், சதவீதத்தை மட்டும் பாருங்கள்.

மேட்டுப்பாளையத்தில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு ஏறுவது என் வழக்கம். மழைக்காலத்தில் பாதி வழியில் உள்ள பர்லியார் பக்கம் மண் சரிந்தால் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். பாதி வழி ஏறிவிட்டுத் திரும்ப இறங்கி இன்னொரு மலையேறும் அளவுக்குக் கையிருப்பு வேண்டும்.

படி 3: நிரம்பிய பேட்டரியோடு இறங்காதீர்கள்

ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பின்னுக்குப் பிடிக்கும். அதில் பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்குப் போய்ச் சேரும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். "எந்த கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு" என்று மலை ஓட்டுநர்கள் காலங்காலமாகச் சொல்வார்கள் அல்லவா? நம் காரில் குறைக்க கியர் இல்லை. ரீஜென்தான் அந்த வேலையைச் செய்கிறது. பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. எனவே கார் பிடியைத் தளர்த்திவிடும்.

வாங்கிய முதல் மாதம், கோயம்புத்தூர் போவதற்காக இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு காலையில் கிளம்பினேன். குன்னூரைத் தாண்டியதும் இறக்கம். காலை எடுத்தால் வண்டி நிற்பதற்குப் பதில் வேகம் பிடித்தது. பிரேக்கை அழுத்தி அழுத்தியே கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினேன். பர்லியார் நெருங்கும்போது கருகிய வாடை வந்தது. பிரேக் பெடல் முன்னைவிட ஆழமாக உள்ளே போனது. பழக்கடைகளுக்கு அருகில் ஓரங்கட்டி இறங்கினேன். முன் சக்கரத்திலிருந்து எழுந்த அனல் முழங்காலில் அடித்தது. பின் இருக்கையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பாமல் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றிருந்தேன். (சூடான பிரேக் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் வளைந்துவிடும், விரிசலும் விடலாம். தானாக ஆறட்டும்.)

அன்று முதல் கீழே போகும் நாட்களில் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிடுகிறேன். பெரும்பாலான கார்களில் இந்த வரம்பை முன்பே அமைத்து வைக்கலாம். புறப்படும்முன் ரீஜெனை அதிகபட்ச நிலையில் வையுங்கள். முதல் வளைவுக்கு முன்பே காலை எடுத்துப் பார்த்து, வண்டி பிடிக்கிறதா என்று சோதியுங்கள். பிடிக்கவில்லை என்றால் வேகத்தை மிகவும் குறைத்து, இடையிடையே நிறுத்தி இறங்குங்கள். சில கார்கள் தாமாகவே சக்கர பிரேக்கைச் சேர்த்துக்கொண்டு எப்போதும் போலப் பிடிப்பதாகக் காட்டும். உள்ளே சூடாவது பிரேக்தான்.

சில வகை பேட்டரிகளை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்லிக் கையேட்டில் இருக்கும். அதற்கு உதகை போகும் நாளைத் தேர்ந்தெடுங்கள். குன்னூரிலிருந்து அந்தப் பக்கம் ஏற்றம். போகும் வழியிலேயே பேட்டரியில் இடம் உண்டாகிவிடும்.

படி 4: குளிரும் பனிமூட்டமும்

டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும் இரவில் காரை வெளியே நிறுத்தினால், காலையில் பேட்டரி மந்தமாக இருக்கும். சார்ஜ் மெதுவாக ஏறும், ரீஜெனும் குறையும். பேட்டரி பாதி காலியாக இருந்தாலும் குளிர்ந்த காலையில் பிடி பலமாக இருக்காது என்பதை நினைவில் வைத்து முதல் சில கிலோமீட்டர்களை நிதானமாக ஓட்டுங்கள். பிளக்கில் இருக்கும்போதே ஹீட்டரைப் போட்டு உள்ளே சூடேற்றிவிட்டால் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. பிறகு ஸ்வெட்டர் போதும். கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தால் ஏ.சி.யைப் போடுங்கள், அது ஈரத்தை உறிஞ்சிவிடும்.

படி 5: சத்தம் இல்லை என்பதை மறக்காதீர்கள்

கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையோரம் நடப்பவர்களுக்கு நீங்கள் பின்னால் வருவது கேட்காது. தள்ளியிருக்கும்போதே மெல்ல ஒரு ஹாரன் கொடுங்கள்.

காட்டெருமைக்கு மட்டும் அது கூடாது. ஒரு மாலை, சிம்ஸ் பூங்காவைக் கடந்து திரும்பினேன். பனியில் பத்தடி தூரத்தில் ஒன்று நின்றிருந்தது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்கள்தான் முதலில் தெரிந்தன. டீசல் வண்டி என்றால் எப்போதோ விலகியிருக்கும். என் வண்டி வந்ததே அதற்குத் தெரியவில்லை. விளக்கைத் தாழ்த்தி, அசையாமல் இருந்தேன். மூக்கிலிருந்து ஆவி வர, தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போனது. அதன் பின்னால் கன்று ஒன்று வந்தது. பெரியது போனதுமே நகர்ந்திருந்தால் அதை இடித்திருப்பேன்.

படி 6: ஒரு நோட்டு போடுங்கள்

முதல் பத்துப் பயணங்களுக்குச் சதவீதத்தை எழுதி வையுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது. ஏறும்போது: மேட்டுப்பாளையம் 78, கல்லார் 75, பர்லியார் 65, குன்னூர் 46. இறங்கும்போது: குன்னூர் 70, பர்லியார் 76, கல்லார் 78, மேட்டுப்பாளையம் 77. பெரியவரிடம் இதைக் காட்டினேன். இரண்டாவது வரியை விரலால் தொட்டு இரண்டு முறை படித்தார். "புறப்பட்டதைவிட ஏழு கூடியிருக்கிறதே" என்றார்.