மருந்தே அடிக்காமல் ரோஜா: விதையிலிருந்து நீங்களே உருவாக்கலாம்

கேமரன் மலைக்குப் போனால் ஒரு தொட்டி ரோஜாவோடு திரும்புவது கோலாலம்பூர்க்காரர்களின் வழக்கம். சில மாதங்களில் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகிக் கொட்டி, முள்ளும் குச்சியும்தான் மிஞ்சும். செடியைக் குறை சொல்லிப் பயனில்லை. இலை தொடர்ந்து 7 மணி நேரம் ஈரமாக இருந்தால் கரும்புள்ளிப் பூஞ்சை உள்ளே நுழைந்துவிடும். நம் ஊரிலோ சாயங்காலம் இடி மழை, அப்புறம் விடியும்வரை காயாத இலை.

மருந்தடித்துச் சலித்தவர்கள், நோய் தாங்கும் செடியை விதையிலிருந்து உருவாக்கிப் பார்க்கலாம்.

தாயும் தந்தையும்

உங்கள் தாமானில் ஒரு சுற்று நடந்து வாருங்கள். யாரும் கவனிக்காமலே பச்சை இலையோடு நிற்கும் ரோஜா ஏதாவது ஒரு வீட்டு வாசலில் இருக்கும். கேட்டு ஒரு குச்சி வாங்கி வந்து நடுங்கள். வாடிய பூவை வெட்டாமல் விட்டுப் பாருங்கள். காய் பிடித்தால் அதை விதை தரும் தாயாக்கலாம். மகரந்தம் தரும் தந்தையாக உங்களுக்குப் பிடித்த நிறத்தை எடுங்கள். சுங்கை பூலோ நர்சரிகளில் தேடினால் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: காட்டு ரோஜாக்கள் பலவற்றுக்குக் குரோமோசோம் 14, தோட்ட ரோஜாக்களில் பெரும்பாலானவற்றுக்கு 28. இரண்டையும் சேர்த்தால் 21 உள்ள பிள்ளைகள் பிறக்கும். அவை அழகாக வளரலாம், ஆனால் விதை தருவது குறைவு.

மகரந்தம் சேர்த்தல்

காலையில் பசியாறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தாய்ச்செடியில் மறுநாள் விரியப்போகும் மொட்டின் இதழ்களை உரித்து, மகரந்தத் தாள்களை இடுக்கியால் ஒன்றுவிடாமல் பிடுங்குங்கள். விட்டால் பூ தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். தந்தைப் பூவின் தாள்களைக் காகிதத்தில் பரப்பி வீட்டுக்குள் உலர்த்துங்கள். மறுநாள் மஞ்சள் தூள் உதிரும். தாய்ப்பூவின் நடுவில் உள்ள சூல்முடி பிசுபிசுப்பாக இருக்கும்போது தூரிகையால் தடவுங்கள். பெயர்ச்சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். நான் மார்க்கர் பேனாவில் எழுதி, மழையில் கரைந்து, யார் பிள்ளை யார் என்று தெரியாமல் விழித்திருக்கிறேன்.

விதை

காய் பழுக்க மூன்று, நான்கு மாதம் ஆகும். ஆரஞ்சு நிறமானதும் பறித்து, விதையைச் சதைப்பற்றில்லாமல் கழுவி, ஈர டிஷ்யூவில் சுற்றி, சுமார் எட்டு வாரம் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். உறைய வைக்கும் பகுதி வேண்டாம். வீட்டில் சொல்லி வையுங்கள். என் முதல் பொட்டலத்தை அம்மா பழைய குப்பை என்று வீசப் பார்த்தார். பிறகு நீர் தேங்காத கலவையில் அரை அங்குல ஆழத்தில் விதைக்கலாம். பாதி முளைக்காது. அதற்காகக் கவலை வேண்டாம்.

இனிதான் மனம் கல்லாக வேண்டும்

நாற்றுக்கு மருந்து கூடவே கூடாது. அடித்தால் எது தாங்கும், எது தாங்காது என்று தெரியாமலே போய்விடும். அமெரிக்காவில் புதிய ரோஜா வகைகளை உருவாக்கிய வில்லியம் ராட்லர் நோயுற்ற இலைகளைச் சேர்த்து உலர்த்திப் பொடித்து, தன் நாற்றுகள்மீது வேண்டுமென்றே தூவினார். 2000இல் சந்தைக்கு வந்த அவருடைய 'நாக் அவுட்' ரோஜா அப்படித் தப்பிய ஒன்று. நாமும் கரும்புள்ளி விழுந்த இலைகளைத் தொட்டியைச் சுற்றிப் போட்டு, மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிக்கலாம்.

முளைத்து இரண்டு மாதத்தில் சிலவற்றில் முதல் பூ வரும். அதன் அழகில் மயங்காதீர்கள், இலையைப் பாருங்கள். நாலைந்து புள்ளி இருந்தாலும் இலையைப் பிடித்துக்கொண்டிருப்பதை வைத்துக்கொள்ளலாம். மொட்டையாவதை, எவ்வளவு நல்ல நிறமானாலும், தூக்கிவிடுங்கள். ஏப்ரல் மழையும் அக்டோபர், நவம்பர் மழையும் தாண்டிய பிறகே எதையும் நம்புவேன்.

அப்போதும் முழுதாக இல்லை. இந்தப் பூஞ்சையில் பல இனங்கள் உண்டு. இங்கே தாங்கிய செடி வேறிடத்தில் விழலாம். அதனால் என்னிடம் மிஞ்சிய இரண்டு செடிகளிலிருந்தும் குச்சி வெட்டிப் பினாங்கில் இருக்கும் அத்தைக்குக் கொடுத்திருக்கிறேன். ஒன்று அங்கே மொட்டையாகிவிட்டதாம். இன்னொன்று இன்னும் இலையோடு நிற்கிறது.