பழைய சாமி படம் கல்லச்சா, ஆஃப்செட்டா என்று கண்டுபிடிப்பது எப்படி

கொள்ளுத்தாத்தா காலத்து ரவிவர்மா படம் என்று சொல்லி வீட்டில் ஒரு சரஸ்வதியோ லட்சுமியோ இருந்தால், யாரிடமும் விலை கேட்பதற்கு முன்னால், அது கல்லில் வரைந்து அச்சடித்த பழைய கல்லச்சா (லித்தோகிராஃப்), பிற்கால இயந்திர அச்சான ஆஃப்செட்டா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். சட்டத்தைக் கழற்ற வேண்டாம், கண்ணாடி மேலேயே லென்ஸை வைக்கலாம்.

முதலில் கன்னத்தைப் பாருங்கள். ஆஃப்செட்டில் புள்ளிகள் வரிசை பிசகாமல் இருக்கும், நான்கு நிறமும் சேர்ந்து குட்டிப் பூ மாதிரி தெரியும். கல்லச்சில் அப்படி ஒரு ஒழுங்கே இருக்காது. கல்லின் மேல் ஓவியர் கையால் குத்திக் குத்தி வைத்த புள்ளிகள் என்பதால் ஒன்று பெரிது, ஒன்று சின்னது, நிழல் வரும் இடத்தில் நெருக்கம், வெளிச்சத்தில் கலைவு என்று இருக்கும். ஒரு தெய்வத்தின் முகத்துக்கு யாரோ ஒருவர் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும். அப்புறம் உதடு, புடவைக் கரை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் என்பதால், தாள் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் சிவப்பு கோட்டைத் தாண்டி நிற்கும்.

அடுத்தது கீழ் ஓரம், இதுதான் முக்கியம். அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் அங்கேதான். நம் வீடுகளில் பழைய சாமி படம் எல்லாவற்றையுமே ரவிவர்மா படம் என்றுதான் சொல்வோம், ஆனால் அவர் 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்குவதற்கு முன்பே, 1878-இல், கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவும் புனேயில் சித்ரசாலாவும் வந்துவிட்டன. வங்காள எழுத்து இருந்தால் கல்கத்தா பக்கம் தேடுங்கள். கார்லா, லோனாவலா என்று இருந்தால் ரவிவர்மா அச்சகம் பம்பாயை விட்டு இடம் மாறிய பிறகு வந்தது.

ஓரம் போய்விட்டதா? சரி, காட்சியை வைத்துத் தேடலாம். சிவன் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நிற்க, பக்கத்தில் நந்தி மேல் சாய்ந்து பார்வதி, கைகூப்பிய பகீரதன் என்றால் அது ரவிவர்மாவின் கங்கை இறங்கும் காட்சி. மேனகை குழந்தையை நீட்ட, விசுவாமித்திரர் கையை உயர்த்தி மறுக்கிறார் என்றால் சகுந்தலை பிறப்பு. ஆனால் இவற்றைப் பிற்காலத்திலும் திரும்பத் திரும்ப அச்சிட்டிருக்கிறார்கள், அதனால் காட்சி பொருந்திவிட்டது என்பதற்காகப் புள்ளியைப் பார்க்காமல் விடாதீர்கள். புடவையில் ஜரிகை, சமுக்கி ஒட்டியிருந்தால் பிய்க்கவே வேண்டாம், அந்தக் காலத்தில் வாங்கியவர்களே ஆசையாகச் செய்துகொண்டதுதான் அது.

ஈரத்துணியால் துடைக்காதீர்கள். சட்டம் மாற்றக் கொடுத்தால், ஓரத்தை வெட்டக் கூடாது, அட்டையில் பசை போட்டு ஒட்டக் கூடாது என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டு லட்சுமிக்கு நாங்கள் சொல்லவில்லை, கீழே இரண்டு விரல் அளவு போய்விட்டது, அச்சகத்தின் பெயரோடு.