பாராட்டு விழா வைக்கிறீர்களா? வென்றவரை ஓரத்தில் நிற்க வைக்காதீர்கள்

பெரிய போட்டி ஒன்று முடிந்து நம்ம வீரர்கள் ஊர் திரும்பியதும் மண்டபம் பிடிக்கிறார்கள், ஃபிளெக்ஸ் அடிக்கிறார்கள், சிறப்பு விருந்தினரிடம் தேதி வாங்குகிறார்கள். வீரரிடம் தேதி கேட்பது கடைசியில்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் முகாமில் கிடந்து, காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, நெடுந்தூரம் விமானத்தில் வந்து இறங்குகிற ஆளுக்கு முதலில் வேண்டியது வீட்டுச் சாப்பாடும் தூக்கமும். விமான நிலைய வாசலிலேயே திறந்த ஜீப்பில் ஏற்றி நாலு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தால் அதற்குப் பேர் மரியாதை இல்லை.

தள்ளிவைத்தால் ஜனங்களுக்கு ஆர்வம் போய்விடும் என்பார்கள். போகாது. லண்டன் ஒலிம்பிக் 2012 ஆகஸ்ட் 12-ஆம் தேதி முடிந்தது, பிரிட்டன் அணியின் வெற்றி ஊர்வலம் நடந்தது செப்டம்பர் 10-ஆம் தேதி. மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் முடியட்டும் என்று ஒரு மாதம் காத்திருந்து, இரண்டு அணிகளையும் ஒன்றாகச் சேர்த்து ஊர்வலம் விட்டார்கள். அன்றைக்கும் சாலை முழுக்க ஜனம்தான். 2024-இல் பாரிஸிலும் அதே மாதிரி இரண்டு அணிகளையும் ஒன்றாக வைத்து, செப்டம்பர் 14-ஆம் தேதி ஷான்ஸ் எலிஸே சாலையில் கொண்டாடினார்கள்.

இதில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 6 பதக்கம், பாராலிம்பிக்கில் 29. ஒன்றுக்குப் பெரிய விழா, இன்னொன்றுக்குச் சின்ன விழா என்று பிரிப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. பணத்தைப் பொறுத்தவரை தமிழ்நாடு அந்தப் பாகுபாட்டைக் காட்டவில்லை: பாரிஸ் பாராலிம்பிக்கில் வெள்ளி வென்ற துளசிமதி முருகேசனுக்கு 2 கோடி, வெண்கலம் வென்ற மனிஷா, நித்யஸ்ரீ, மாரியப்பன் மூவருக்கும் ஆளுக்கு 1 கோடி.

ஆனால் பணம் சரியாக இருந்தாலும் மேடை சரியாக இருப்பதில்லை. பாரா வீரர்களுக்கு நடக்கும் விழாவிலேயே மேடைக்கு ஏழு படி இருக்கும், சாய்தளம் இருக்காது. சக்கர நாற்காலியில் வந்தவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி ஏற்றுவார்கள், அந்த நேரம் பார்த்து எல்லா செல்போனும் அவரைப் படம் பிடிக்கும். உலக மேடையில் யார் தயவும் இல்லாமல் ஜெயித்துவிட்டு வந்தவருக்குச் சொந்த ஊரில் இது நடக்கலாமா? சாய்தளம் என்று பலகையைச் சரித்துப் போட்டாலும் ஆபத்துதான். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மூன்றடி மேடைக்கு முப்பத்தாறு அடி ஆகிறது. அவ்வளவு இடம் இல்லையென்றால் மேடையைத் தாழ்த்துங்கள், அல்லது மேடையே இல்லாமல் தரையில் நடத்துங்கள், ஒன்றும் குறைந்துபோகாது.

மேடை என்றதும் 2007 ஞாபகம் வருகிறது. முதல் டி20 உலகக் கோப்பையை வென்று தோனியின் அணி மும்பைக்கு வந்தபோது ஊரே தெருவில் நின்றது. வான்கடேயில் விழா தொடங்கினால் முன்வரிசையில் அரசியல்வாதிகளும் வாரிய நிர்வாகிகளும், வென்றவர்களில் பெரும்பாலோர் பின்னால். அதே செப்டம்பரில்தான் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் தென் கொரியாவை 7-2 என்று தோற்கடித்து இந்திய ஹாக்கி அணி ஆசியக் கோப்பையை வென்றிருந்தது. எங்களை ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று ஹாக்கி வீரர்கள் உண்ணாவிரதம் இருக்கப்போவதாகச் சொல்லும் அளவுக்குப் போனது. கேட்டு வாங்குகிற நிலைக்குத் தள்ளிவிட்டு அப்புறம் கொடுக்கும் பரிசில் என்ன சந்தோஷம் இருக்கும்?

உள்ளூர் விழாக்களில் இதே கோளாறு நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை ஒன்று, வாழ்த்துரை இரண்டு, வாழ்த்துரை எட்டு, நடுநடுவே சால்வை. வீரரின் ஏற்புரை வரும்போது மணி ஒன்பதரை, பாதி நாற்காலி காலி. ஏற்புரையை முதலில் வையுங்கள். குறைந்தது இரண்டாவதாகவாவது வையுங்கள். அவர் பேசுவதைக் கேட்கத்தான் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். சால்வைக்குச் செலவழிக்கிற காசில் ஒரு நல்ல ஓட்டக் காலணி வாங்கலாம்; அவருடைய காலணி அளவு என்ன, என்ன பிராண்ட் போடுவார் என்று பயிற்சியாளரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

இப்போது கூட்டம். இங்கே தவறு செய்தால் உயிர் போகும். பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தில் நடந்தது தேசிய அணி விழா இல்லை, ஐபிஎல் அணியின் விழா; ஆனாலும் விழா நடத்துகிற எல்லோரும் அதைப் படித்தாக வேண்டும். 2025 ஜூன் 3 இரவு இறுதி ஆட்டம், மறுநாள் சாயங்காலமே விழா. ஏறத்தாழ 35,000 பேர் கொள்ளும் இடத்துக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். நுழைவு இலவசமா, பாஸ் வேண்டுமா என்பதிலேயே குழப்பம். வாசல்களில் நெரிசல், 11 பேர் இறந்தார்கள். வெளியே அது நடந்த பிறகும் உள்ளே கொண்டாட்டம் உடனே நிற்கவில்லை. 2022 டிசம்பரில் அர்ஜென்டினா கால்பந்து உலகக் கோப்பையோடு திரும்பியபோது பியூனஸ் அயர்ஸில் திரண்ட கூட்டத்தில் சிலர் மேம்பாலத்திலிருந்து வீரர்கள் வந்த பஸ்ஸுக்குள் குதிக்கப் பார்த்தார்கள். கடைசியில் வீரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. 2024 ஜூலையில் டி20 உலகக் கோப்பை வென்ற இந்திய அணியின் ஊர்வலத்தில், மும்பை மரைன் டிரைவிலும் பலர் மயங்கி விழுந்தார்கள்.

அதனால் ஒரே நாளில் அறிவித்து ஒரே நாளில் நடத்தாதீர்கள். ‘அனைவரும் வருக, அனுமதி இலவசம்’ என்று மட்டும் போடாதீர்கள். இலவசமாகவே இருக்கட்டும், ஆனால் பெயர் பதிந்து டோக்கன் கொடுங்கள், இடம் நிரம்பியதும் அதை உடனே எல்லா வழியிலும் சொல்லுங்கள். ஒரே இடத்தில் குவிக்காமல் ஊரில் நாலு இடத்தில் திரை வையுங்கள். ஆம்புலன்ஸ் போகிற வழியில் பந்தல் கால் நடாதீர்கள். முக்கியமாக, ஏதாவது தப்பாகப் போனால் நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் என்பதை முன்னாடியே முடிவு செய்து, அந்த ஒருவர் கையில் மைக் எட்டும்படி வையுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேடையில் அட்டைக் காசோலை காட்டினால் அன்றைக்கே வங்கியிலும் பணம் விழ வேண்டும். அணிக்குள் பங்கு போடும்போது பயிற்சியாளர், பிசியோ, மசாஜ் செய்கிறவர் எல்லோரையும் நினையுங்கள். 2018-இல் இந்திய அணி 19 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் உலகக் கோப்பை வென்றதும் பயிற்சியாளர் ராகுல் திராவிடுக்கு 50 லட்சம், மற்ற உதவியாளர்களுக்கு 20 லட்சம் என்று அறிவித்தார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, எல்லோருக்கும் சமமாக 25 லட்சம் ஆனது.

விட்டுப்போகிறவர்கள்தான் எனக்குப் பெரிய வருத்தம். 2025 மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பையில் 308 ரன் எடுத்த பிரதிகா ராவல் கணுக்கால் காயத்தால் அரையிறுதிக்கு முன்பே அணிப் பட்டியலிலிருந்து விலகினார். இறுதி ஆட்டத்தன்று சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்தார், ஆனால் பதக்கம் பட்டியலில் இருந்த 15 பேருக்கு மட்டும்தான். பிறகுதான் அவருக்கும் பதக்கம் கிடைத்தது. அதே இரவில் அந்த அணிப் பெண்கள் கோப்பையைக் கொண்டுபோய் முன்னாள் வீராங்கனைகளான ஜூலன் கோஸ்வாமி, மிதாலி ராஜ், அஞ்சும் சோப்ரா கைகளில் கொடுத்தார்களே, அதைப் பார்த்துப் படிக்க வேண்டும். பாரிஸில் நாலாம் இடம் வந்த துப்பாக்கி சுடும் வீரர் அர்ஜுன் பபுதாவும் பேட்மின்டன் வீரர் லக்‌ஷ்யா சென்னும் ஊர் திரும்பினார்கள். அவர்களை அழைத்துக் கௌரவித்தால் பதக்கத்தின் மதிப்பு குறையுமா என்ன?

அப்புறம் ரசிகர்கள். இவர்களையும் கௌரவிக்கலாம் என்பதே பல பேருக்குத் தோன்றுவதில்லை. 2016 யூரோ கால்பந்துக்கு வந்த அயர்லாந்துக் குடியரசு ரசிகர்களுக்கும் வடக்கு அயர்லாந்து ரசிகர்களுக்கும் அவர்களுடைய நல்ல நடத்தைக்காகப் பாரிஸ் மாநகரம் தன் பதக்கத்தையே கொடுத்தது. நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். மைதானத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர், விடிகாலையில் வீரரைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்ட ஆட்டோக்காரர், வெளியூர்ப் போட்டிக்கு வசூல் செய்து அனுப்பிய தெருக்காரர்கள், இவர்களுக்குப் பேர் போட்டு அழைப்பிதழ் கொடுங்கள், முன்வரிசையில் பத்து நாற்காலி ஒதுக்குங்கள். எவ்வளவு பெரிய விஐபி தாமதமாக வந்து நின்றாலும் அவர்களை எழுப்பிவிடாதீர்கள்.