மலையூரில் அதிகாரத்தின் ஏற்புடைமையை ஆராய்வது எப்படி?

கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் ஊர் ஒன்றைக் களமாகக் கொண்டு அரசியல் அறிவியல் ஆய்வேடு எழுத வரும் மாணவர்கள், முதல் நாளே வினாப்படிவத்துடன் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியதில்லை. எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒருவர் சட்டப்படி பதவிக்கு வந்திருப்பது ஒன்று. அவர் சொன்னால் கேட்பதுதான் முறை என்று ஊர் நினைப்பது வேறொன்று. 'சட்டபூர்வத்தன்மை' என்று எழுதினால் இரண்டும் குழம்பிவிடும் என்பதால், இரண்டாவதை 'ஏற்புடைமை' என்றே நான் எழுதுகிறேன்.

1919இல் மியூனிக் நகரில் ஆற்றிய உரையில் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், கீழ்ப்படிதலுக்கு மரபு, தலைவரின் தனி ஈர்ப்பு, சட்டம் என்ற மூன்று அடிப்படைகளைக் காட்டினார். மரபுவழி வரும் ஊர்த் தலைவரான ஊர்க் கவுடரும், 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி தேர்ந்தெடுக்கப்படும் ஊராட்சித் தலைவரும் ஒரே ஊரில் இருப்பதால், இவற்றுள் இரண்டையாவது இங்கே அருகருகே பார்க்கலாம். தேயிலைத் தோட்ட எல்லைத் தகராறு என்றால் யாரிடம் போவீர்கள், குடிநீர் வராவிட்டால் யாரிடம் போவீர்கள் என்று ஒருவரிடமே கேட்டுவிட்டு, 'ஏன் அவரிடம்?' என்ற கேள்விக்குப் பின் பேசாமல் காத்திருங்கள். 'தாத்தா காலத்து வழக்கம்' என்பது வெபரின் வகைக்குள் அடங்கும். 'அவர் பேச்சில் ஞாயம் இருக்கும்' என்பது எளிதில் அடங்காது. அத்தகைய விடைகளைத் தனியே குறித்துவையுங்கள். மக்களின் நம்பிக்கையை மட்டும் பதிவுசெய்தால் போதாது, அதிகாரம் எந்த நியாயத்தால் தாங்கப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும் என 1991இல் பிரிட்டிஷ் அரசியல் அறிஞர் டேவிட் பீத்தம் வெபரை மறுத்ததன் பொருள் அப்போது விளங்கும். ஊர்க்கூட்டத்தில் பெண்களுக்கு இடம் உண்டா என்பதையும் அவசியம் கேளுங்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் வருகைப் பதிவேட்டின் கையெழுத்துகளை எண்ணி, அதையே ஏற்பு என்று ஒருமுறை எழுதி வைத்தேன். கையெழுத்திட்ட மூதாட்டி ஒருவர், நூறு நாள் வேலை கிடைக்கும் என்றுதான் வந்ததாகச் சொன்னார். பலனுக்காகத் தரும் ஆதரவையும், பலன் இல்லாதபோதும் நிலைக்கும் ஆதரவையும் அரசியல் அறிஞர் டேவிட் ஈஸ்டன் 1965இல் பிரித்துக்காட்டியது இதைத்தான்.

தொடக்கத்தில் அரசியலமைப்புகளையும் நிறுவனங்களையும் விவரிப்பதிலேயே அரசியல் அறிவியல் துறை பெரிதும் கவனம் செலுத்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மக்களின் நடத்தையை அளப்பதில் முனைந்தது. உங்கள் ஆய்வேட்டுக்கு இரண்டும் தேவை.

பச்சைத் தேயிலையை எடை போட்டுவிட்டு மாலையில் திரும்புகிறவர்களிடம் பேசுங்கள். ஊராட்சித் தலைவரின் ஜீப்பில் மட்டும் ஊருக்குள் போய் இறங்காதீர்கள்.